ஓய்வு எடுப்பதா, ஓய்வு கொடுப்பதா?

ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? கிறிஸ்தவ சபைகளுக்குள் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு இது. இரு தரப்பிலும் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிழமையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்தக் கட்டளையில் அதைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் ஒன்றைப் பேசுவதில்லை. அந்த நாளில் யார் யாருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும் என்ற பட்டியல்தான் அது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கிறிஸ்தவர் வீட்டு விவகாரம்தானே என்று மற்ற மதத்து அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஞாயிறு விடுமுறை நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அந்த விடுமுறை யாருடைய முதுகில் நடக்கிறது என்ற கேள்வியும் எல்லோருக்கும் உரியதே.

நான் இறையியல் படித்தவன் அல்ல. நெல்லைச் சீமையில் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வே வேலைக்காக மும்பை வந்தவன். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். மும்பை வாசகர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 'மெகா பிளாக்' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலை 11 மணி வாக்கில் ஏதாவது ஒரு பாதையை நிறுத்திவிட்டு மாலை வரை தண்டவாளம் மாற்றுவோம், ஜல்லி சலிப்போம், பாயின்ட்ஸ் சரிபார்ப்போம். ஊரார் அலுவலகம் போகாத நாளில்தான் பாதையை நிறுத்த முடியும். அதாவது, உங்கள் ஓய்வுநாள்தான் எங்கள் வேலைநாள்.

இதனால் என் சபை மூப்பர் ஒருவர் ஒருமுறை, "ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறீர்களாமே தம்பி, கட்டளையை மீறலாமா?" என்று கேட்டார். கேட்டவர் அன்று லோக்கல் ரயிலில்தான் ஆராதனைக்கு வந்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை. பெரியவர், நல்ல மனிதர். ஆனால் அந்தக் கேள்வி என்னை வேதத்தைத் திரும்பவும் படிக்க வைத்தது.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சிறப்பு உண்டு. எபிரெய மொழியில் 'சப்பாத்' என்ற சொல்லுக்கு நிறுத்துதல், ஓய்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களோ 'ஓய்வுநாள்' என்று தமிழாக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஞாயிறு காலை பிள்ளைகள் போகிற வகுப்பிற்கே 'ஓய்வுநாள் பாடசாலை' என்றுதான் பெயர். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இந்தச் சொல்லின் பொருள் புரியாது என்று சொல்ல இடமில்லை.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில் ஒன்று. கத்தோலிக்க சகோதரர்கள் இந்நூலை விடுதலைப் பயணம் என்பார்கள். உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் மற்றொன்று. இரண்டிலும் ஓய்வுநாள் கட்டளை உண்டு. காரணம் மட்டும் வேறு. முதல் இடத்தில் கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது காரணம். இரண்டாம் இடத்தில், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன்தானே, அதை மறவாதே என்பது காரணம். யார் யார் ஓய வேண்டும் என்ற பட்டியலும் இரண்டிலும் இருக்கிறது: நீ, உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன். உபாகமம் இன்னும் ஒரு படி மேலே போய், உன்னைப் போலவே உன் வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது.

இதை ஒரு ரயில்வேக்காரன் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். கட்டளை முதலாளியை நோக்கித்தான் பேசுகிறது. "நீ ஓய்ந்துகொள்" என்பதோடு அது நிற்கவில்லை. உனக்குக் கீழே இருப்பவன், உன்னிடம் கேட்க முடியாதவன், வாயில்லாத மாடு, ஊருக்குப் புதியவன் ஆகியோருக்கு நீ ஓய்வு கொடு என்கிறது. வசதியுள்ளவன் எந்த நாளிலும் ஓய்வு எடுத்துக்கொள்வான். அதற்குக் கட்டளை தேவையில்லை.

இனி கிழமை வழக்கிற்கு வருகிறேன். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை என்பவர்களின் வாதம் எளிமையானது. ஏழாம் நாள் என்றுதான் எழுதியிருக்கிறது, அதை மாற்றும்படி புதிய ஏற்பாட்டில் எங்கும் கட்டளை இல்லை என்பார்கள். 1863-இல் அமெரிக்காவில் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை ஆசரிக்கிறார்கள். அதற்கு முன்பே நம் நாசரேத் பக்கத்தில் இந்தக் கருத்து வேர்விட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறிய சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம், 1857-இல் முக்குப்பேரியில் தனிச் சபை கண்டார். வெள்ளைக்காரர் தலைமையை ஏற்காத அந்தச் சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் அந்த வட்டாரத்துக்கு வந்தபோது, அங்கே சனிக்கிழமை ஆசரிப்பு ஏற்கெனவே இருந்தது.

ஞாயிறு என்பவர்கள் இயேசு உயிர்த்தெழுந்த நாளைச் சுட்டுகிறார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி வழிபட்டதை எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாள் அல்ல. வழிபட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் நகரத்தாரும் நீதிபதிகளும் ஞாயிறன்று ஓய வேண்டும் என்று ஆணையிட்டார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தார். விதைப்புக்கு ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பது காரணம்.

பிறகு சீர்திருத்தக் காலம். 1529-இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில், வாரம் முழுவதும் உழைக்கும் வேலைக்காரர், வேலைக்காரிகளின் உடலுக்கு இளைப்பாறுதல் தேவை; எல்லோரும் கூடி இறைவார்த்தை கேட்க ஒரு நாள் தேவை; அதற்குத்தான் ஓய்வுநாள், கிழமையில் தனிப் புனிதம் இல்லை என்று விளக்கினார். கால்வினும் வேலைக்காரர் ஓய்வை இக்கட்டளையின் மூன்று நோக்கங்களில் ஒன்றாகச் சொன்னார். 1646-இல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை கடுமையானது. ஞாயிறு முழுவதும் உலக வேலை, உலகப் பேச்சு, கேளிக்கை எதுவும் கூடாது. வழிபாடும், தவிர்க்க முடியாத வேலையும், இரக்கச் செயலும் மட்டுமே கூடும் என்றது. கத்தோலிக்க சபையில் 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமை பற்றிய தம் சுற்றுமடலிலும், 1998-இல் இரண்டாம் ஜான் பால் ஞாயிறு பற்றிய தம் மடலிலும் உழைப்பவரின் ஓய்வை வலியுறுத்தினார்கள். பவுல் அப்போஸ்தலரோ ரோமர், கொலோசெயர் நிருபங்களில், நாளைக் குறித்து ஒருவரையொருவர் குற்றம் சொல்ல வேண்டாம் என்ற கருத்தில் எழுதிவிட்டார்.

இந்தத் தரப்புகளில் யாரையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிழமையைக் காப்பாற்றும் வேகத்தில் மனிதனை மறந்த கதையும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரோம் ஃபெரி என்ற ரயில் முனையம். 1883 ஜூன் 3, ஞாயிறு. லண்டன் சந்தைக்குப் போக வேண்டிய மீன் கப்பலிலிருந்து ரயிலுக்கு மாற்றப்பட இருந்தது. ஓய்வுநாளில் அந்த வேலை கூடாது என்று சுமார் நூற்றைம்பது மீனவர்கள் தடியோடு வந்து மறித்தார்கள். போலீசாரோடு மோதல் ஆயிற்று. பத்துப் பேருக்கு நான்கு மாதச் சிறை. அவர்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சுமை தூக்குகிற கூலிக்காரனுக்கு அந்த நாளின் ஓய்வும் கூலியும் எங்கிருந்து வரும் என்று அந்தக் கலவரத்தில் யார் கேட்டார்கள்? பிறர் வேலையைத் தடுப்பது வேறு, பிறருக்கு ஓய்வு கொடுப்பது வேறு.

இயேசுவோடு அன்றைய சமயத் தலைவர்களுக்கு இருந்த சச்சரவிலும் பாதி ஓய்வுநாளைப் பற்றியதுதான். மனிதனுக்காகவே ஓய்வுநாள், அதற்காக மனிதன் இல்லை என்பது அவர் நிலை. பதினெட்டு ஆண்டுகள் கூன் விழுந்திருந்த பெண்ணை ஓய்வுநாளில் குணமாக்கியபோது ஆட்சேபம் எழுந்தது. உங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவள் கட்டவிழக் கூடாதா என்று கேட்டார். அவர் ஓய்வுநாளை ஒழிக்கவில்லை. பாரம் சுமப்பவரின் பாரத்தை இறக்குவதே அந்த நாளின் வேலை என்று காட்டினார்.

"அப்படியானால் ரயில் ஓட வேண்டாமா, ஆஸ்பத்திரி திறக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஓடத்தான் வேண்டும். எங்கள் தாத்தா பனையேறி. பாளையைத் தினமும் சீவாவிட்டால் பதநீர் நின்றுபோகும். மரத்துக்குக் கிழமை தெரியாது. அவர் ஞாயிறும் ஏறினார். ஏறிவிட்டுக் குளித்து ஆராதனைக்கும் போனார். தவிர்க்க முடியாத வேலை என்று ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி மனிதனுக்கு ஓய்வே இல்லாமல் செய்துவிடக் கூடாது. இதற்கு ரயில்வே கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன்.

தொழிற்சாலைகளில் வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 1923-இல் அதை ஏற்றது. 1930-இல் ரயில்வே சட்டத்தைத் திருத்தி வேலை நேரத்தையும் வார ஓய்வையும் சட்டமாக்கினார்கள். பின்பு வந்த 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 133-ஆம் பிரிவு, தொடர் வேலை செய்பவருக்கு வாரம் 30 மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வு தர வேண்டும் என்றது. விட்டுவிட்டு வேலை உள்ளவருக்கு முழு இரவு ஒன்று சேர்ந்து வரும்படி 24 மணி நேரம். கேட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாதே. ஆகவே 'ரெஸ்ட் கிவர்' என்று ஒரு பணியிடம் வைத்தார்கள். ஆறு இடங்களில் ஆறு பேர் வேலை செய்தால், ஏழாவதாக ஒருவர் முறை வைத்து ஒவ்வொரு நாளும் ஒருவரை விடுவிப்பார். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஓய்வு என்ற வேதக் கணக்கு எங்கள் டியூட்டி பட்டியலில் அப்படியே இருந்தது.

ரெஸ்ட் கிவர் என்றால் ஓய்வு தருபவர். ஓய்வுநாள் கட்டளைக்கு இதைவிடச் சிறந்த விளக்கவுரையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே கிழமையில் ஓய்வு கிடைக்காது. ஆனால் எல்லோருக்கும் ஒரு நாள் கிடைக்க வேண்டும். என்னிடம் வேலை பார்த்த ஜார்க்கண்ட் ஆதிவாசிக் கிறிஸ்தவர் ஒருவர் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போக விரும்புவார். முஸ்லிம் ஒருவருக்கு வெள்ளி மதியம் வேண்டும். மராத்தியர் ஒருவருக்கு ஏகாதசி. முறைப் பட்டியலைக் கையில் கொடுத்தால் அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். ஆள் பற்றாக்குறை வரும்போதுதான் சிக்கல். முதலில் வெட்டுப்படுவது ரெஸ்ட் கிவர் இடம்தான். 2024 ஜூனில் தென்னக ரயில்வே ஓட்டுநர்கள், தலைமையிடத்தில் கிடைக்கும் 16 மணி நேரத்தோடு வார ஓய்வு 30 மணி நேரமும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று போராடினார்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல. பின்னால் ஆயிரம் பயணிகள் தூங்கும்போது முன்னால் விழித்திருக்க வேண்டியவரின் தூக்கத்தைத்தான் கேட்டார்கள்.

மும்பை ஞாயிறுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இந்த நகரத்தின் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறையே இல்லாத காலத்தில், நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884 முதல் அதற்காக மனுப் போட்டார், கூட்டம் கூட்டினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஜோதிராவ் புலேயின் சீடர். ஞாயிறு கண்டோபா தெய்வத்துக்குரிய நாள் என்பதையும் தம் வாதத்தில் சேர்த்தார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினார்கள். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த நம் முன்னோர் அனுபவித்த ஞாயிறு இப்படிக் கிடைத்தது. அதை விட்டுக் கொடுக்கச் சொல்லும் குரல்கள் மறுபடியும் கேட்கின்றன. 2025 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனத் தலைவர் வாரம் 90 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசி, ஞாயிறும் உங்களிடம் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். நம் பிள்ளைகள் பலர் இத்தகைய நிறுவனங்களில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் கைபேசி ஞாயிறு சாப்பாட்டின் நடுவிலும் அலறுகிறது. நாமும் அதைக் கேட்டு ஆத்திரப்படுகிறோம். நியாயம்தான்.

ஆனால் அதே ஞாயிறு நம் வீட்டில் என்ன நடக்கிறது? பாத்திரம் தேய்க்க வரும் பாயிக்கு விடுமுறை உண்டா? பல வீடுகளில் ஞாயிறன்றுதான் அவருக்கு இரட்டை வேலை. விருந்தினர் வருவார்கள், கறிக்குழம்பு கொதிக்கும், பாத்திரம் குவியும். ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அலுவலகத்தில் நமக்குச் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. நம் வீட்டு வாசலுக்குள் தொழிலாளர் ஆய்வாளர் வருவதில்லை. வீட்டு வேலை செய்பவருக்கும் வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையில் எழுதிவிட்டது. வேதமோ வேலைக்காரியை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பட்டியலில் சேர்த்துவிட்டது.

அந்தப் பட்டியலில் மனைவியின் பெயர் தனியாக இல்லை. 'நீ' என்பதிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்று விளக்கம் சொல்வார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் 'நீ' என்பதில் ஒரு பாதி நாற்காலியிலும் மறு பாதி அடுப்படியிலும் இருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் சனிக்கிழமையே மாவாட்டி, விறகு கீறி, தண்ணீர் எடுத்து வைத்துவிடுவார்கள். ஞாயிறன்று அடுப்பு வேலை குறைவு. வனாந்தரத்தில் மன்னாவை ஆறாம் நாளில் இரண்டு பங்காகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதன் சாரம் அதுதான். இப்போது குளிர்பதனப் பெட்டி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. ஆனால் ஞாயிறு சமையல் மட்டும் மற்ற நாளைவிடக் கூடிவிட்டது.

"பாயிக்கு விடுமுறை கொடுத்தால் அந்த வேலையும் என் மனைவி தலையில்தானே விழும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மகனும் மகளும் தாமும் வீட்டில் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பாத்திரம் கழுவக் கால் மணி நேரம் போதும். என் கை தண்டவாளம் பிடித்த கை. தட்டுக் கழுவியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கட்டளைப் பட்டியலில் கடைசியாக நிற்பவர் அந்நியர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வந்திறங்கிய நம் பெரியவர்கள் அந்த நிலையில்தான் இருந்தார்கள். மொழி தெரியாது, கேட்க ஆளில்லை, கிடைத்த வேலையைக் கொடுத்த நேரத்தில் செய்தார்கள். இன்று நம் கட்டடத்து வாட்ச்மேன் பீகாரிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர். மாதம் முப்பது நாளும் பன்னிரண்டு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நீயும் எகிப்தில் இருந்தவன்தானே என்று உபாகமம் சொல்வது வேறு யாருக்கும் பொருந்தாவிட்டாலும் நமக்குப் பொருந்தும்.

ஆகவே அன்பர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று. வீட்டு வேலை செய்பவருக்கு வாரம் ஒரு முழு நாள், சம்பளம் பிடிக்காமல், அவர் கேட்கும் கிழமையில் விடுமுறை கொடுங்கள். வாட்ச்மேனுக்கு வார ஓய்வு தர ஒரு மாற்று ஆள் வைக்கும்படி உங்கள் ஹவுசிங் சொசைட்டி கூட்டத்தில் பேசுங்கள். செலவைப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு வருவது சிறு தொகைதான். வாரத்தில் ஒரு நாளாவது அடுப்படியில் இருப்பவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் எழுந்திருங்கள்.

அந்த நாள் சனியா ஞாயிறா என்பதை அவரவர் சபையும் மனச்சாட்சியும் தீர்மானிக்கட்டும். சனிக்கிழமை ஆசரிப்பவர் வீட்டு வேலைக்காரிக்குச் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால், ஞாயிறு ஆசரிப்பவர் வீட்டு வேலைக்காரிக்கு ஞாயிறு ஓய்வு கிடைத்தால், இருவருமே கட்டளையைக் கைக்கொண்டவர்கள்தான். இருவர் வீட்டிலும் அவளுக்கு ஓய்வு இல்லையென்றால், எந்தக் கிழமை சரி என்று வாதாடி இருவருக்கும் பயன் இல்லை.